வலக்கை மட்டும் ஏன்?

கீமோ வார்டில் அவருக்குக் கேள்வியக்கா என்று பெயர். தையல் கடை வைத்திருப்பவர், வயது ஐம்பத்திரண்டு. மார்பில் வந்த புற்றுநோய் நுரையீரலையும் எட்டிப் பார்த்துவிட்டது. வேறு யாராவது என்றால் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். இவரோ ஊசி குத்த வந்த நர்ஸைக் குடைந்தெடுத்தார்.

"இந்தச் சிவப்பு மருந்துக்குக் கட்டி இருக்கற இடம் எப்படிம்மா தெரியும்?"

நர்ஸ் பொறுமைசாலி, விளக்கினாள். மருந்தை நுண்ணிய கொழுப்பு உருண்டைகளுக்குள் அடைத்திருக்கிறார்கள். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் எண்ணூறு உருண்டைகளை வரிசையாக வைத்துவிடலாம். நல்ல ரத்தக்குழாயின் சுவரைத் தாண்டி அவை எளிதில் வெளியே வராது. கட்டியின் குழாய்கள் அவசரத்தில் வளர்ந்தவை, ஓட்டை அதிகம். அங்கே கசிந்து தங்கும்.

"அட, இழை தளர்ந்த துணி!"

"அதேதான்க்கா. ஆனா எல்லாமே அங்க போயிடாது."

மூன்றாவது தடவை ஏற்றிய பிறகு வலக்கைக் கட்டைவிரலும் உள்ளங்கையும் சிவந்து எரிந்தன. இடக்கைக்கு ஒன்றுமே இல்லை. ஒரே ரத்தம்தானே இரண்டுக்கும் ஓடுகிறது? அக்காவுக்கு மண்டை காய்ந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களே! மகள் கேட்டதற்கு, இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்று கூசாமல் புளுகினார்.

நான்காவது தடவைக்கு வந்தபோதும் கையைப் பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். டாக்டரம்மா வந்ததும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"டாக்டர், இந்த மருந்துக்கு வலது இடது தெரியுமா?"

டாக்டர் கையை வெளியே எடுக்கச் சொன்னார். "எத்தனை நாளா இப்படி?"

"மூணு வாரமா."

"கத்திரிக்கோல் பிடிக்கிற கையா?"

"தினம் ஆறு மணி நேரம்."

"அழுத்தி உரசுற இடத்துல சின்னக் குழாய்ங்க வழியா மருந்து கசியும். இது மேல இன்னிக்கும் ஏத்தியிருந்தா தோல் உரிஞ்சு, நிஜமாவே நிறுத்த வேண்டி வந்திருக்கும்."

"அப்ப நிறுத்தலையா?"

"ரெண்டு வாரம் தள்ளிப் போடுவோம், அளவையும் குறைப்போம். அதுவரைக்கும் துணி வெட்டக் கூடாது."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வேற கேள்வி ஏதாச்சும் இருக்கா?" டாக்டர் கிண்டலாகத்தான் கேட்டார்.

அக்கா கையை மறுபடியும் பைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"நான் பொழச்சுக்குவேனா?"

டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஸ்கேன்ல கட்டி பாதியாச் சுருங்கியிருக்கு. முழுசாப் போயிடும்னு என்னால சொல்ல முடியாது. எவ்வளவு நாள் அடக்கி வைக்க முடியுமோ, வைப்போம்."

அக்கா தலையாட்டினார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"இதைக் கேக்கப் பயந்துக்கிட்டுதான் டாக்டர், மத்த எல்லாத்தையும் கேட்டுட்டிருந்தேன்."