ஓர்லீனாவின் இசைத்தட்டில் இருந்த மேல்குரல்

என் பார்லருக்கும் ஓர்லீனா ஸ்டிடமின் சலவைக்கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர்தான். அந்தச் சுவர் வழியாகக் கோய் பிரானக் இசைத்தட்டில் பாடுவதைக் கேட்டுக்கொண்டேதான் எங்கள் மேர் ஓடை ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் நான் முடி சுருட்டிவிட்டிருக்கிறேன். காலையில் அவள் துணிக்குக் கஞ்சி போட ஆரம்பித்தால் கோயும் ஆரம்பிப்பான். சாயங்காலம் கடை சாத்தும்வரை விடமாட்டான். கெண்டக்கி மலைகளில் கோயைப் பிடிக்காதவர்கள் கிடையாது, எனக்கும் பிடிக்கும். ஆனால் நாள் முழுக்க ஒருவன் காதருகே வந்து அழுதால் யாருக்குத்தான் சலிக்காது?

"ஏண்டி, அந்த ஆளுக்கு ஒரு வாய் தண்ணியாவது குடுடி, தொண்டை வறண்டுடப் போகுது" என்று சுவரைத் தட்டுவேன்.

"உன் வாய்க்கு அவன் தொண்டை தேவலை மேக்சின்" என்று பதில் வரும். அவள் ஒரு நாளில் பேசுவதே அவ்வளவுதான்.

நெட்டையாக, ஒல்லியாக, தலைக்குப் பின்னால் ஒரே கொண்டையோடு இருப்பாள் ஓர்லீனா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா எஸ்டில் உயிரோடு இருந்தவரை அவருக்குப் பொங்கிப் போட்டாள். கோயின் இசைத்தட்டுகள் எல்லாம் அவளிடம் இருந்தன. ஆனால் சொந்த வீட்டில் ஒன்றைக்கூட வைத்ததில்லை, கடையில்தான். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். கோய் எப்போதும் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் வருவான். வார்த்தையைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி ஒரு கணம் நின்று, பிறகு சொல்வான். அந்த இடம் வரும்போது இஸ்திரிப் பெட்டி சட்டைக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். அவன் சொன்ன பிறகுதான் கீழே இறங்கும். கடைசிக் காலத்தில் நாஷ்வில் கம்பெனிக்காரர்கள் அவனுக்குப் பின்னால் வயலின் கும்பலை உட்காரவைத்துப் பதிவு செய்தார்களே, அந்தத் தட்டுகளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "செத்தவனுக்குக் கோட்டு மாட்டி விட்டிருக்காங்க" என்பாள். உள்ளூரில் இறந்துபோன பெண்களுக்குக் கடைசியாகத் தலை வாரிவிடுவது நான்தான். அதனால் அவள் சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்தது.

இத்தனை கேட்டும் அவள் வாய்விட்டுப் பாடி நான் கேட்டதில்லை. சர்ச்சில்கூட உதட்டை மட்டும் அசைப்பாள். எஸ்டிலின் வீட்டில் பாட்டுக்குத் தடை. ஏன் என்று ஊருக்கே தெரியும். யாரும் வாயால் சொல்வதில்லை.

ஓர்லீனாவின் அம்மா ஸெல்ஃபியா நல்ல பாட்டுக்காரி. கோய் பிரானக் ஒரு சனிக்கிழமை எங்கள் ஊர் ரேடியோ நிலையத்துக்குப் பாட வந்தபோது, கூடப் பாடும் அவன் தம்பிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்துப் பாட்டுக்கு இரண்டு குரல் வேண்டும். ஒருவர் முதல் குரலில் பாட்டை எடுத்துச் செல்லவேண்டும், இன்னொருவர் அதற்கு மேலே ஏறி, அவர் நின்றால் நின்று, நடந்தால் நடந்து கூடவே போகவேண்டும். அன்று கோய்க்கு மேல்குரல் கொடுத்தது ஸெல்ஃபியா. அந்தக் குளிர்காலத்தில் வெள்ளம் வந்தது. எஸ்டில் படகைக் கொண்டுவந்து தாழ்வாரத்துத் தூணில் கட்டினார். கைக்குழந்தை ஓர்லீனாவை ஸெல்ஃபியா அவர் கையில் கொடுத்தாள். குழந்தைக்குப் போர்வை எடுக்க உள்ளே ஓடினாள். "இதோ வந்துட்டேன், அவுத்துடாதே" என்று அவள் கத்தியது பக்கத்துப் படகில் இருந்தவர்களுக்கும் கேட்டது. தண்ணீர் ஏறியது. எஸ்டில் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அவிழ்க்காவிட்டால் குழந்தையும் போயிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தப் படகில் இல்லை, எனக்குத் தெரியாது.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்தச் சனிக்கிழமை கோயும் ஸெல்ஃபியாவும் பாடிய பாட்டே படகைப் பற்றியதுதான். கோயின் பாட்டுகளில் பேர்போனது அது. ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் இப்படி வரும்:

கரையில் நில், கயிற்றைத் தொடாதே,
நான் வரும்வரை படகை அவிழ்க்காதே.

அம்மாவின் குரலை ஓர்லீனா கேட்டதே இல்லை. அவளுக்கு இருந்த ஒரே ஏக்கம் அதுதான். பார்லருக்கு வரும் கிழவிகளிடம் எல்லாம் கேட்பாள். ஒருத்தி மெல்லிய குரல் என்பாள், இன்னொருத்தி கணீரென்று இருக்கும் என்பாள். யாரை நம்புவது?

எஸ்டில் போன குளிர்காலத்தில் இறந்தார். வசந்தம் வந்ததும் ரேடியோ நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கும் ட்வைட் நோபிள் ஒரு தட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு சலவைக்கடைக்கு வந்தான். நிலையத்தை வேறு கட்டிடத்துக்கு மாற்றியபோது அலமாரிக்குப் பின்னால் கிடைத்ததாம். அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியை நிலையத்திலேயே ஊசியால் வெட்டிப் பதிவு செய்த அரக்குத் தட்டு.

"ஒண்ணு சொல்றேன் ஓர்லீனா, இது கடையில விக்கிற தட்டு மாதிரி இல்ல" என்றான். "மேல இருக்குறது வெறும் அரக்கு. ஒவ்வொரு தடவை ஊசி வச்சாலும் கொஞ்சம் சுரண்டிக்கிட்டுப் போயிடும். முதல்ல டேப்புல ஏத்திக்கலாம். அப்புறம் இதைத் தொடாம பத்திரமா வச்சிடு."

கடையின் பின்னறையில் டேப் எந்திரத்தை வைத்தான். நானும் ஈரக் கையோடு போய் நின்றேன். ஊசி இறங்கியது. சரசரப்புக்கு நடுவில் கோயின் இளம் குரல் கூட்டத்தோடு பேசியது. "நம்ம தம்பிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. இந்த ஊர்ப் பொண்ணு ஒண்ணு கைகொடுக்க வருது. பேரு ஸெல்ஃபியா. பயப்படாதம்மா, நான் எங்க போறனோ அங்க வந்துடு." யாரோ சிரித்தார்கள். கிதார் ஆரம்பித்தது. முதல் சரணத்தைக் கோய் தனியாகப் பாடினான். பிறகு 'கரையில் நில்' என்ற இடத்தில் அவனுக்கு மேலே இன்னொரு குரல் ஏறியது.

கிழவிகள் சொன்னது எல்லாமே சரிதான். மெல்லிய குரல், ஆனால் கணீரென்று இருந்தது. ஓர்லீனா இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. எனக்கும் தாங்கவில்லை.

பாட்டு முடிந்ததும் ட்வைட் டேப்பைப் பின்னால் ஓட்டிப் போட்டுக் காட்டினான். கோய் பேசினான், கிதார் வந்தது, சரணம் வந்தது. 'கரையில் நில்' என்று கோய் பாடினான். தனியாகப் பாடினான். மேல்குரலே இல்லை.

"வயர் சரியில்ல போல" என்றான் ட்வைட். வயரை மாற்றி மறுபடி எடுத்தான். தட்டு ஓடும்போது அறையில் இருவரும் பாடினார்கள். டேப்பில் கோய் மட்டும் இருந்தான். ட்வைட்டுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. "இதுக்கு மேல சுரண்ட வேணாம்" என்று எந்திரத்தை மூடினான். டேப்பை மேசையிலேயே விட்டுவிட்டு, வண்டியில் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே போனவன் அன்று திரும்பவே இல்லை.

ஆக, ஸெல்ஃபியா இருப்பது அந்த அரக்கில் மட்டும்தான். கேட்டால் தேய்வாள், கேட்காவிட்டால் இருந்தும் இல்லாத மாதிரி. நானாக இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். ஓர்லீனா சர்ச் விட்டு வந்த ஞாயிறு மதியங்களில் மட்டும் ஒரே ஒரு தடவை கேட்பது என்று வைத்துக்கொண்டாள். என்னையும் கூப்பிட்டுக்கொள்வாள். தனியாகக் கேட்கப் பயமா என்று நான் கேட்கவில்லை.

தட்டு தேயத்தான் செய்தது. ஆனால் தேய்ந்தது கோய். ஒவ்வொரு ஞாயிறும் அவன் ஒரு அறை தள்ளிப் போன மாதிரி இருந்தது. கிதாரும் அவனோடு போயிற்று. ஸெல்ஃபியாவின் குரலில் ஒரு கீறல்கூட விழவில்லை. முதலில் கேட்காத சின்னச் சின்னச் சத்தங்கள்கூட இப்போது கேட்டன. எச்சில் விழுங்குவது கேட்டது. பாட ஆரம்பிக்குமுன் மூச்சை இழுப்பது கேட்டது. பிணங்களின் தலையைத் தனியாக உட்கார்ந்து வாரியவள் நான், எனக்கு எதுவும் லேசில் பயம் காட்டாது. அந்த மூச்சுச் சத்தம் பயம் காட்டியது. அது எங்களுக்குப் பின்னால் நின்று யாரோ இழுப்பது போல அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"தூக்கிப் பரண்ல போடுடி" என்றேன்.

"எங்கம்மாவையா?" என்றாள்.

மே மாதக் கடைசி ஞாயிறு எங்களுக்குக் கல்லறை அலங்கார நாள். மலைமேல் இருக்கும் குடும்பக் கல்லறைகளில் களை பிடுங்கி, பூ வைத்து, நீளமாக மேசை போட்டுச் சாப்பிடுவோம். சாப்பிடுமுன் ஒவ்வொரு கல்லறைக்கும் போய் அவரவருக்குப் பிடித்த பாட்டைப் பாடுவது வழக்கம். ஸெல்ஃபியாவுக்குப் பிடித்த பாட்டு எதுவென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எஸ்டில் தொப்பியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நிற்கும்போது அதை எடுக்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் பேசாமல் அவளைத் தாண்டிப் போய்விடுவோம். இந்த வருடம் எஸ்டில் அவளுக்குப் பக்கத்திலேயே மண்ணுக்குள் இருந்தார்.

ஓர்லீனா பாட்டரி கிராமபோனைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி வந்தாள். "நான் பாடமாட்டேன், தெரியுமில்ல? அம்மாவே பாடட்டும்" என்றாள். எஸ்டிலின் தம்பி லோனி முறைத்தார். வெள்ளத்தன்று பக்கத்துப் படகில் இருந்தவர் அவர்தான்.

"அந்தப் பாட்டு வேணாம்மா" என்றார்.

"சித்தப்பா, நீங்க வேணும்னா போய்க் கோழி சாப்பிடுங்க" என்றாள் ஓர்லீனா. அவள் பெரியவர்களை எதிர்த்துப் பேசியதை அன்றுதான் பார்த்தேன்.

கல்லறைக் கல்மேல் கிராமபோனை வைத்து ஊசியை இறக்கினாள். நல்ல வெயில். கீழே ஓடை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தட்டில் கோய் இல்லவே இல்லை. பேச்சு இல்லை, கிதார் இல்லை, முதல் சரணம் இல்லை. வெறும் சரசரப்பு. பிறகு அந்த மூச்சு. பிறகு 'கரையில் நில்' என்று மேல்குரல் மட்டும், கீழே தாங்க ஒன்றுமில்லாமல், தனியாக மேலே நின்றது.

எங்கள் ஊரில் மேல்குரலைத் தனியாக விடமாட்டோம். யாருக்காவது முதல் குரல் தடுமாறிப்போனால் பக்கத்தில் நிற்பவர் எடுத்துக்கொள்வார், எதிரியாக இருந்தாலும் எடுப்பார். வீட்டுக்கு வந்தவரை வெளியே நிறுத்திவைப்பது போன்ற மரியாதைக்கேடு, அதைத் தனியாக விடுவது. அன்று ஆண்கள் எல்லோரும் வாயைத் திறந்தார்கள், ஒருவருக்கும் சத்தம் வரவில்லை. லோனி கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் சரணத்தை எடுத்தது ஓர்லீனா.

கரகரத்த குரல். பழக்கமில்லாத தொண்டை. ஆனால் ஆயுசு முழுக்கக் கோயைக் கேட்டவள் அல்லவா, அவனைப் போலவே தாளத்துக்குப் பின்னால் வந்தாள். அவனைவிடவும் அதிகமாகத் தயங்கினாள். 'கயிற்றைத் தொடாதே' என்பதற்கு முன் அழுகை வந்து நின்றேவிட்டாள். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. மேல்குரலும் நின்றது. அவள் மறுபடி ஆரம்பித்தபோது அதுவும் கூடவே ஆரம்பித்தது. நாங்கள் எல்லோரும் கேட்டோம். தட்டு எங்கேயாவது பாடுபவருக்காகக் காத்திருக்குமா?

கடைசி வரி வந்தது. ஸெல்ஃபியா மூச்சை இழுத்தாள். ஓர்லீனா பாடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இழுத்த மூச்சு அப்படியே நின்றது. தட்டு சுற்றிச் சுற்றி ஓடியது, ஊசி கடைசிக் கோட்டுக்கு வரவே இல்லை.

"பாடு ஓர்லீனா" என்றேன்.

"மாட்டேன்" என்றாள் மெதுவாக. "பாடினா முடிஞ்சுடும் மேக்சின். பாடலைன்னா இங்கேயே நிப்பா. கேக்குதில்ல உனக்கு? நிக்கிறா பாரு."

எனக்கு வந்ததே கோபம். பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. "பாவிப் பெண்ணே, வெள்ளத்துல அவளை ஒரு தடவை விட்டுட்டு வந்தது போதாதாடி? எவ்வளவு நேரம்டி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா?"

லோனி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓர்லீனா என்னைப் பார்த்தாள், அடித்துவிடுவாள் என்றே நினைத்தேன். பிறகு கல்மேல் கை வைத்துக் குனிந்தாள். பாட்டில் இருக்கிற வரியை அவள் பாடவில்லை. "நான் கரை சேர்ந்துட்டேன், படகை அவிழ்த்துக்கோ" என்று பாடினாள்.

மேல்குரல் அவளோடு சேர்ந்து ஏறியது. அதே வார்த்தைகளோடு. அந்த வார்த்தைகளை அந்தச் சனிக்கிழமை யாரும் பாடவில்லை, எந்தத் தட்டிலும் யாரும் வெட்டவில்லை. பிறகு நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. ஊசி தட்டின் நடுவுக்குப் போய் டக்டக் என்று அடித்தது.

அந்தத் தட்டு இப்போது ஊமை. ட்வைட் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, கோடே இல்லை, மொழுக்கென்று இருக்கிறது என்றான். ஓர்லீனா அதை அம்மாவின் கல்லுக்கும் அப்பாவின் கல்லுக்கும் நடுவில் புதைத்தாள்.

டேப் இருக்கிறது. அதில் கோய் இன்னும் தனியாகத்தான் பாடுகிறான். காலையில் ஓர்லீனா கஞ்சி போட ஆரம்பிக்கும்போது அதைப் போடுவாள். 'கரையில் நில்' வரும்போது அவனுக்கு மேலே ஒரு குரல் ஏறும். மெல்லிய குரல், கணீரென்று இருக்கும். "யாரு மேக்சின் அது?" என்று நாற்காலியில் இருப்பவர்கள் கேட்டால், "வேற யாரு, ஓர்லீனாதான்" என்பேன். ஆனால் அவள் மூச்சை இழுக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டதும் என் கையில் சீப்பு நின்றுவிடுகிறது. அவள் அதை வெளியே விட்ட பிறகுதான் மறுபடி வாருகிறேன்.