கோட்டு போட்டவர்கள் நடத்திய கண் முகாம்

என்னைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டது என் குணத்தைப் பார்த்து அல்ல. என்னிடம் பெஞ்சு இருந்தது.

காரைக்குடியில் மரப்பட்டறை வைத்திருந்தேன். கல்யாண வீட்டுக்கும் கூட்டத்துக்கும் மேடைப் பலகை, பெஞ்சு, நாற்காலி அனுப்புவேன். அறுபதுகளில் ஊரில் பெரிய மனிதர்கள் கூடி ஒரு சேவைச் சங்கம் தொடங்கினார்கள். வக்கீல், டாக்டர், மில் மானேஜர், பாங்கு ஏஜெண்டு என்று தொழிலுக்கு ஒருவர். அதுதான் விதியாம். மரத்தொழிலுக்கு ஆள் இல்லை. ஒரு நாள் சங்கத் தலைவரே பட்டறை வாசலில் காரை நிறுத்தி இறங்கினார்.

"சமுதாயத்துக்கு நாமளும் ஏதாச்சும் செய்யணும்ல?" என்றார்.

செய்யணும் என்றேன். அந்த வாரமே பெஞ்சு கேட்டு ஆள் வந்தது.

கூட்டத்துக்குக் கோட்டும் டையும் கட்டாயம். சித்திரை வெயிலில், எங்கள் ஊரில், கோட்டு. உள்ளே சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வெளியே நாங்கள் மணி அடித்து, எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்து நின்று, இங்கிலீஷில் நன்றி சொல்வோம். ஒரு குடிநீர்க் குழாய் போட்டால் அதற்குமேல் குழாயைவிடப் பெரிய பலகை வைப்போம். பஸ் நிற்குமிடத்தில் நிழலுக்கு ஒரு கொட்டகை போட்டோம். கூரையைவிட எங்கள் பெயர்ப்பலகைதான் அதிக நிழல் கொடுத்தது. பலகை என் பட்டறையில் செய்ததுதான். அதனால் அதை நான் குறை சொல்லக்கூடாது. சொல்கிறேன்.

இன்னொரு விதிதான் என்னை வதைத்தது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் வெறும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஐயா கிடையாது, சார் கிடையாது, செட்டியார் கிடையாது. உள்ளே வந்தால் எல்லாரும் சமமாம். எந்தத் தேசத்திலோ உட்கார்ந்து ஒருவன் எழுதிய விதி. அவனுக்குக் காரைக்குடி தெரியாது. தலைவர் வீட்டு வாசல் நிலையைச் செதுக்கியது என் அப்பா. செதுக்கிய காலம் முழுக்க அந்த வாசல் வழியாக அவர் உள்ளே போனதில்லை. அந்த வீட்டுக்காரரை நான் பேர் சொல்லிக் கூப்பிடுவதா? நாக்கு எழவில்லை. அவர்கள் மட்டும் என்னைச் சுலபமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்பும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். விதி வந்த பிறகு அதற்குச் சமத்துவம் என்று பேர் வந்தது. நான் எல்லாரையும் "மெம்பர்" என்று கூப்பிட்டுத் தப்பித்தேன்.

அந்தச் சங்கம் ஒரே ஒரு உருப்படியான காரியம் செய்தது. கண் முகாம்.

என் ஆத்தாவுக்கு அப்போது ஒரு கண்தான் மிச்சம். இடது கண்ணைச் சந்தையில் ஒருவன் ஊசி வைத்துப் புரை தள்ளுகிறேன் என்று சொல்லிக் கெடுத்துவிட்டுப் போயிருந்தான். வலது கண்ணிலும் புரை முற்றி, ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். அவளுக்கு அதில் ஒரு பெரிய கவலை. கொல்லையில் ஒரு முருங்கை மரம் நின்றது. யாரோ காய் பறிக்கிறார்கள் என்பது அவள் முடிவு. யார் என்று கண்ணால் பார்த்துத் திட்ட வேண்டும். குத்துமதிப்பாகத் திட்டுவதில் அவளுக்குத் திருப்தி இல்லை.

"எங்க சங்கத்துல கண் முகாம் போடுறோம் ஆத்தா. காசு கிடையாது" என்றேன்.

"சங்கமா? ஒங்க கிளப்பா? சீட்டாடுறவய்ங்கள்லாம் சேந்து கண்ண அறுக்கப் போறாய்ங்களாக்கும்?"

"சீட்டெல்லாம் ஆடல. அறுக்கிறது டாக்டரு. மதுரையிலருந்து வாராரு."

"அப்ப ஒங்க கிளப்பு என்ன செய்யும்?"

"கட்டிலு, பெஞ்சு எல்லாம் போட்டுக் குடுக்கும்."

"அது நீ போடுறதுதானடா?"

ஆனாலும் வந்தாள். "ஒன்ன நம்பித்தான் வாரேன். இருக்கிற ஒத்தக் கண்ணு. இதுவும் போச்சுன்னா, ஒன்னையத் தடவிப் பாத்தே அடிப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

முகாம் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில். வருஷம் பூராவும் பூட்டிக் கிடக்கிற வீடு. வீட்டுக்கார ஆச்சி மெட்ராசிலிருந்து வந்து திறந்துவிட்டார். முன்கட்டுக் கூடத்தில் அறுவை. அதை அடுத்த நடுக்கட்டில், வளவு என்கிற திறந்த முற்றத்தைச் சுற்றி நோயாளிகள் வரிசையாகப் படுத்திருப்பார்கள். பின்கட்டில் அடுப்படி. காலையில் கஞ்சியும் பாலும் அங்கிருந்துதான் வந்தன. ஆச்சி ஒன்றுக்கும் குறை வைக்கவில்லை.

இந்தக் காலத்தில் கண் அறுவை செய்து சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல்பை வைத்து மல்லாத்திப் போட்டுவிடுவார்கள். திரும்பக் கூடாது. மெல்லக் கூடாது. சிரிக்கக் கூடாது. முக்கியமாக இருமக் கூடாது, தும்மக் கூடாது. டாக்டர் எங்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார்: தையல் தலைமயிர் கனம்தான், பலமாக ஓர் இருமல் வந்தால் போதும், தையல் விட்டுக் கண்ணுக்குள் இருப்பது வெளியே வந்துவிடும். செயலாளர் அதை அழகான இங்கிலீஷில் டைப் அடித்துக் கோட்டு போட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தார். நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அறுவை முடிந்த மறுநாள் சங்கத்தின் கவர்னர் வந்தார். பல மாவட்டத்துச் சங்கங்களுக்குச் சேர்த்து அப்படி ஒரு கவர்னர் உண்டு. ஊர்ஜனம் நிஜக் கவர்னர் என்று நினைத்துக்கொண்டு வாசலில் கூடிவிட்டது. தலைவர் அதைத் திருத்தவில்லை. முன்வாசலில் நான் போட்ட மேடை, மாலை, மைக். பள்ளத்தூரிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து வெயிலில் நிறுத்தியிருந்தார்கள்.

கவர்னர் பேச எழுந்தார். "சேவை என்பது என்ன?" என்று ஆரம்பித்தார். ஒரு செருமல். "சேவை என்பது..." மறுபடி செருமல். மூன்றாவது முறை சேவை வரவில்லை, இருமல்தான் வந்தது. பக்கத்தில் தலைவர் இருமினார். வக்கீல் இருமினார். மாலை போட்ட பிள்ளை இருமியது. என் மூக்கில் ஏறியபோதுதான் புரிந்தது. பின்கட்டு அடுப்படியில் யாரோ வரமிளகாய் வறுக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டு நெடி. வளவு திறந்து கிடப்பதால் புகை ஒவ்வொரு கட்டாக நின்று நிதானித்து முன்வாசல் வரை வந்திருக்கிறது. கவர்னரோ, கூட்டுகிற ஆளோ, மிளகாய் நெடிக்கு எல்லாரும் சமம். சங்கத்தின் விதி அன்றைக்குத்தான் சரியாக நிறைவேறியது.

முன்வாசலுக்கே இப்படி என்றால் நடுக்கட்டு?

ஓடினேன். நர்சுகள் "இருமாதீங்க, இருமாதீங்க" என்று கத்திக்கொண்டே இருமினார்கள். கண்கட்டோடு மல்லாந்து கிடந்தவர்களின் நெஞ்சு எகிறிக்கொண்டிருந்தது. ஆத்தா எங்கே என்று பார்த்தேன். முந்தானையைச் சுருட்டி வாய் நிறைய அடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இருமவில்லை. அடுத்த கட்டிலில் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி. அவர் அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்து இருமினார். இருமிய கையோடு "ஐயோ" என்று கண்கட்டின்மேல் கை வைத்தார்.

அடுப்படியில் பெரிய இரும்பு வாணலி. கவர்னர் விருந்துக்குக் கோழிக் குழம்புக்கு மசாலா வறுக்கிறார்கள்.

"எறக்குங்கய்யா! அங்க கண்ணு போகுது!"

சமையல்காரர் கரண்டியை நிறுத்தவில்லை. "ஆச்சி சொல்லாம எறக்க மாட்டேன். பாதி வறுபட்ட மொளகா எதுக்கு ஆகும்?"

கோட்டைக் கழற்றினேன். அந்தக் கோட்டால் செய்த ஒரே சமூக சேவை அதுதான். அதைக் கைப்பிடித் துணியாக்கி வாணலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடி, மணலில் கவிழ்த்து, காலால் மணலைத் தள்ளி மூடினேன். திரும்பினால் ஆச்சி நிற்கிறார்.

"யாரது அடுப்படிக்குள்ள? ஆசாரியா? என்ன காரியம் இது?"

எனக்குப் பேச்சு வரவில்லை, இருமல். கையைக் காட்டிவிட்டு நடுக்கட்டுக்கு ஓடிவிட்டேன்.

டாக்டர் சம்சாரியை மறுபடியும் மேசைக்குக் கொண்டுபோனார். தையல் விட்டிருந்தது. ஆத்தாவின் கண்கட்டை அவர் பிரிக்கவில்லை. "இப்பத் தொட்டா மோசம். பிரிக்கிற அன்னைக்குத்தான் தெரியும்" என்றார். முந்தானையை வாயிலிருந்து எடுத்ததும் ஆத்தா, "எந்தக் கட்டையில போறவன்டா மொளகா வறுத்தது?" என்றாள். பேசாதே என்று நர்சு அதட்டினாள். கவர்னருக்கு அன்றைக்கு நோயாளிகளின் கஞ்சிதான் கிடைத்தது. நன்றாக இருந்தது என்று சொன்னாராம்.

கட்டுப் பிரிக்கிறதற்கு முன்னால் வாரக் கூட்டம் வந்துவிட்டது. பொசுங்கிப்போன கோட்டை விட்டுவிட்டு டை மட்டும் கட்டிக்கொண்டு போனேன். மணி அடித்தார்கள். எழுந்தோம், உட்கார்ந்தோம். முதலில் வீடு கொடுத்த ஆச்சிக்கு நன்றித் தீர்மானம். அடுத்தது நான்.

தலைவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "நீங்க நல்ல எண்ணத்துலதான் செஞ்சீக. இல்லேங்கல. ஆனா அடுத்தவுக வீட்டு அடுப்படிக்குள்ள, அதுலயும் அந்த மாதிரி வீட்டுல, நீங்க போய்க் கையை வச்சிருக்கக் கூடாது. கவர்னர் வேற வந்த இடம். ஆச்சிகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுருங்க. விஷயம் முடிஞ்சுரும்."

'நீங்க போய்' என்றதில் இருந்த 'நீங்க' எனக்குப் புரிந்தது. வக்கீல் வாணலியைத் தூக்கியிருந்தால் வீரச் செயல் என்று பதக்கம் குத்தியிருப்பார்கள்.

எழுந்தேன். அவர் பேரைச் சொன்னேன். வெறும் பேர். அவர் அப்பா வைத்த பேர், பின்னால் ஒன்றும் ஒட்டாமல். விதி எழுதிய தேசத்தில் இப்படித்தான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. எங்கள் கூடத்தில் யாரோ செத்த மாதிரி ஆகிவிட்டது.

"எங்காத்தா கட்டப் பிரிக்கட்டும். அப்புறம் யாரு யாருகிட்ட மன்னிப்புக் கேக்குறதுன்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகாமல் பட்டறையில் உட்கார்ந்து, தேவையில்லாத ஒரு பலகையை இழைத்துக்கொண்டே இருந்தேன்.

கட்டுப் பிரிக்கிற நாளில் எல்லாரும் வந்தார்கள். தலைவரும் வந்தார், போட்டோக்காரர் வருகிறார் அல்லவா. ஆச்சி தூணோரம் நின்றார். போட்டோ என்பதால் என்னையும் டை கட்டச் சொன்னார்கள். முதலில் சம்சாரி. வெளிச்சம் தெரிகிறது, ஆள் புகையாகத் தெரிகிறது என்றார். அதற்கே கும்பிட்டார். அவர் கும்பிட்டது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

பிறகு ஆத்தா. பஞ்சை எடுத்தார்கள். டாக்டர் வெகுநேரம் டார்ச் அடித்துப் பார்த்தார். சோடாப்புட்டிக் கனத்தில் ஒரு கண்ணாடியை அவள் கண்முன் பிடித்து, "எதிர்ல யாரு நிக்கிறது, சொல்லுங்க" என்றார்.

ஆத்தா கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரலில் கண்டுபிடித்துவிடுவாளே.

"மகந்தான். ஏண்டா, கழுத்துல என்ன அது, நாய் வாரு?"

நர்சு சிரித்துவிட்டாள். டாக்டரும். நான் டையை அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டு, தூணுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினேன்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆச்சி பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நடந்ததுக்கு..." என்று என்னைக் கைகாட்டத் தொடங்கினார்.

ஆச்சி விடவில்லை. "அன்னைக்கு நடந்ததுக்கு நீங்கதான் சொல்லணும். கண்ணு அறுத்தவுக இருமக் கூடாதுன்னு எங்கிட்ட ஒருத்தர் சொன்னீகளா? நான் பாட்டுக்கு, வீடு தேடி வந்த பெரிய மனுசருக்குக் கஞ்சியவா ஊத்துறதுன்னு மசாலா வறுக்கச் சொன்னேன். இத்தன பேரு கோட்டு மாட்டிக்கிட்டுத் திரியுறீக, அடுப்படிக்கு வந்து ஒரு வார்த்த சொல்ல வாயில்லையா? ஆசாரி, ஒங்களையுந்தான் சொல்றேன்."

என்னையும் சேர்த்துத்தான். தாள் என் பையிலும் இருந்ததே.

பிறகு ஆச்சி சம்சாரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

மன்னிப்பு யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த வருஷ முகாமுக்கும் ஆச்சிதான் வீட்டைத் திறந்தார். ஆனால் அவர் போட்ட சட்டம்: முகாம் முடிகிறவரை அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, கஞ்சி எதிர் வீட்டிலிருந்து வரும், கவர்னர் சாப்பிட்டுவிட்டு வரட்டும். எங்கள் விதிப் புத்தகத்தில் இருந்த எல்லா விதியையும்விட அது நல்ல விதி. நானும் சங்கத்தை விடவில்லை. மதுரை டாக்டரைக் கூட்டிவர அந்த ஊரில் வேறு நாதி இல்லை. கோட்டு மட்டும் மறுபடி தைக்கவில்லை. தலைவரை அதற்குப் பிறகு பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு லேசாகத் தூக்கிவாரிப்போடும். அதற்காகவே தேவையில்லாமலும் கூப்பிட்டேன்.

ஆத்தா சோடாப்புட்டிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் கம்போடு, முருங்கை மரத்தடியில் ஒரு மாசம் காவல் இருந்தாள். ஒருத்தியும் காய் பறிக்க வரவில்லை. அவளுக்கு அதில் பெரிய ஏமாற்றம். "கண்ணு தெரியிற சேதிய நீதான்டா ஊருபூரா சொல்லிக் கெடுத்துட்ட" என்று சாகிறவரை என்னைத் திட்டினாள். என் முகத்தைப் பார்த்தே திட்டினாள்.