கொடையாளி என்று எழுதிய கை

மலாக்கா, காஜா பெராங்கில் நான் படித்துக்கொடுத்த பள்ளியின் மண்டபத்துக்கு விழா எடுக்கிறார்களாம். விழா மலர் ஒன்றும் அச்சுப் போடுகிறார்களாம். மண்டபத்தில் இருக்கிற பெயரை முதன்முதலில் பலகையில் எழுதிய டீச்சர் நான்தான், இன்னும் உயிரோடு வேறு இருக்கிறேன். அதனால் அந்தப் பெயருக்குரிய ஐயாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்லதாக நாலு வார்த்தைக்கு நான் எங்கே போவேன்? நடந்ததை எழுதுகிறேன், போட்டால் போடட்டும். அந்த ஆளின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். ஒரு தடவை எழுதினது போதும்.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு அந்தப் பெரிய மனுஷன் வெள்ளைக்காரனுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளிக் கட்டடத்துக்கு ஒரு துரையின் பெயரை வைத்து விழா நடத்தியதே அவர்தான். ஜப்பான்காரன் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கையில் புதுப் பட்டை கட்டிக்கொண்டு இடுப்பு வளைத்துக் கும்பிடப் பழகிவிட்டார். அந்தப் பருத்த இடுப்பு எப்படித்தான் வளைந்ததோ! ஊர்த் தமிழர்களுக்கென்று ஒரு சங்கம், அதற்கும் அவரே தலைவர். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயிலைத் தாண்டி ஒரு மாடியில் ஆபீஸ். சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் ரோடு போடப் போகிறவர்களின் பட்டியல் அந்த மாடியில்தான் தயாரானது. மூன்று மாத வேலைதான், வயிறு நிறையச் சோறு, தைரியமாகப் போய்வாருங்கள் என்று மேடை போட்டுப் பேசினார். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அவர் வீட்டிலிருந்து ஒரு ஆள் போகவில்லை.

இதற்கு நடுவில் அவருக்குக் கட்டடத்தில் தன் பெயரைப் பார்க்கிற ஆசை வந்துவிட்டது. பள்ளிக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஒருநாள் லாரி நிறையத் தகரம் கொண்டுவந்து இறக்கினார். ஊரே மூக்கில் விரலை வைத்தது, ஆணிகூடக் கிடைக்காத காலத்தில் இவ்வளவு தகரம் எங்கே கிடைத்தது என்று. கூரை போட்ட பிறகு நிமிர்ந்து பார்த்தேன். தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க அடுப்புக் கரி. கிளேபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சயாமுக்குப் போனவர்களின் லயன் வீடுகளிலிருந்து பிரித்து வந்தது. ஆளை அனுப்பிவிட்டு, அவர்கள் சமைத்துத் தின்ற வீட்டின் கூரையையும் கழற்றிக்கொண்டு வந்து தானம் பண்ணிய புண்ணியவான்!

பலகைக்கும் புதுசாக ஒன்றும் வாங்கவில்லை. துரையின் பெயர் இருந்த பலகையையே கழற்றித் திருப்பி, பின்பக்கத்தில் தன் பெயரை எழுதச் சொன்னார். பெயருக்கு முன்னால் ‘வள்ளல்’ என்று போடலாமா என்று அவரே கேட்டாராம். அவ்வளவு வேண்டாம், ஊர் கண் பட்டுவிடும் என்று எங்கள் தலைமையாசிரியர் நைசாகப் பேசி ‘கொடையாளி’க்கு இறக்கிக்கொண்டு வந்தார். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் என் அண்ணன் பெயர் பட்டியலில் வந்திருந்தது. அண்ணன் படகுத்துறையில் மூட்டை தூக்கியவன். படகு வருவது நின்று போனதும் வேலை போய்விட்டது. வேலை இல்லாதவனைத்தானே முதலில் அள்ளுவார்கள். அண்ணிக்கு அப்போது ஏழு மாசம். நான் மாடியேறிப் போய்க் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்று எழுத இன்றைக்கும் கூசுகிறது. அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

“உங்க அண்ணன் பேர எடுத்துரலாம் டீச்சர். நீங்க முதல்ல என் பேர எழுதுங்க.”

எழுதினேன். மூன்று நாள், குனிந்த தலை நிமிராமல். பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புக்கட்டி இல்லை, இவர் பெயருக்கு மட்டும் டின் டின்னாக வெள்ளைப் பெயின்ட் வந்தது. கொடையாளியின் ‘டை’யில் ஒரு பிசிறு இல்லாமல் இழுத்தேன். எனக்கே பார்க்க அழகாக இருந்தது, அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன்.

திறப்பு விழாவுக்கு ஜப்பான் அதிகாரி வந்தான். பிள்ளைகள் வழக்கம்போல் ஜப்பான் ராஜா இருக்கிற திசை என்று கிழக்கே பார்த்துக் குனிந்தார்கள். பிறகு பலகையைப் பார்த்து ஒரு தடவை குனியச் சொன்னார்கள். பக்கத்துச் செட்டிக் கம்பத்துக்காரர்களும் வேலியோரம் நின்று பார்த்தார்கள். பல தலைமுறைக்கு முன்பே இந்த ஊரில் குடியேறிய தமிழ் வம்சம்தான், ஆனால் பேசுவது மலாய், தமிழ் எழுத்து தெரியாது. கொடுத்துவைத்தவர்கள். பெரிய மனுஷன் தமிழர்களுக்காகத் தன் உயிரும் உடைமையும் என்று தொண்டை அடைக்கப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு ஓடிவந்தாள். காலையிலேயே வந்து அண்ணனை லாரியில் ஏற்றிவிட்டார்கள். லாரி தம்பின் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. மலாக்காவில் ஏது ரயில், இங்கே இருந்த தண்டவாளத்தையும் சயாமுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களே.

விருந்து நடந்துகொண்டிருந்தது. நேரே போய்க் கேட்டேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, பாவம், எனக்குப் புரியாததை எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னார்.

“பேர எடுத்தாச்சு டீச்சர். தலை எண்ணிக்கை குறையக்கூடாதுன்னுட்டான் ஜப்பான்காரன். நான் என்ன செய்ய?”

அண்ணன் திரும்பி வரவில்லை. எங்கே விழுந்தான், யார் புதைத்தார்கள், ஒன்றும் தெரியாது. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பலகையை மறுபடியும் திருப்பித் துரையின் பெயரைக் காட்டி, அதே மனுஷன் அதே வாசலில் மாலையோடு நின்றார். அப்புறம் வெள்ளைக்காரனும் போனான். ஐயா தேர்தலில் நின்றார், ஜெயித்தார், செத்தும் போனார். சிமென்டில் மண்டபம் எழுந்தது, அவர் பெயரைப் பொன் எழுத்தில் பதித்தார்கள். தகரக் கரி யாருக்கு ஞாபகம்?

ஆனால் எனக்கு மறக்காதது அந்தத் திறப்பு விழா முடிந்து ஒரு மாதம் கழித்து நடந்தது. மரவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு அண்ணியும் நானும் பள்ளி வழியாக வந்தோம். அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

“இதானே நீ எழுதுனது? என்ன போட்டிருக்கு பாப்பா?”

நான் வாயைத் திறந்தேன். மூன்று நாள் பார்த்துப் பார்த்து எழுதிய வார்த்தை. ஒரே ஒரு எழுத்துதான் மாறி வந்தது.

“கொலையாளின்னு போட்டிருக்கு அண்ணி.”

“அப்படின்னா, கொலகாரந்தானே?”

“ஆமா.”

அண்ணி கிழங்குப் பையைக் கீழே வைத்தாள். அண்ணாந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள், கடைசி எழுத்து வரைக்கும். பிறகு என் வலது கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“சரியாத்தான் எழுதியிருக்க,” என்றாள்.