அடிவரை வெட்டிய மரை

லிஃப்ட்காரர் வீட்டில் இப்போது இரண்டு பேர் குடியிருப்பதாக அவருடைய மச்சினன் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். ஒருவர் அவர். இன்னொன்று பின்னறையில் நிற்கும், இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின். அக்கா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் ஆறு வருஷமாகிறது, ஆனாலும் மாமா தனியாக இல்லை என்று கண்ணடிப்பான்.

மெஷின் பழசு. மனைவி விமானம் ஏறிய இரண்டாம் மாதம், இழுத்து மூடிய ஒரு பட்டறையிலிருந்து வாங்கி வந்தார். பின்னறைக் கட்டிலைப் பிரித்துச் சுவரில் சாய்த்துவிட்டு அந்த இடத்தில் நிறுத்தினார். களிம்புபோல இறுகிக் கிடந்த எண்ணெயை வழித்தெடுக்கவே மூன்று வாரம் பிடித்தது. கைச்சக்கரத்தைக் கால் சுற்று வீணாகச் சுற்றினால்தான் மெஷினின் மேஜை அசையும். அந்த ஆட்டத்தை முடி அளவுக்குக் கொண்டுவந்தார். அப்புறம் அதற்கு வேண்டிய சாமான்களைச் செய்ய ஆரம்பித்தவர்தான், நிறுத்தவே இல்லை. பிடிமானக் கிளாம்ப், அதற்கு முட்டுக்கொடுக்கப் படிபடியாக வெட்டிய கட்டை, இரும்புச் சீவல் தெறிக்காமலிருக்கத் தகட்டு மறைப்பு, ஸ்பேனர் மாட்ட ஒரு கொக்கி. மெஷின் வெட்டியதெல்லாம் மெஷினுக்கே. வாசற்படி தாண்டி ஒரு சாமான் வெளியே போனதில்லை.

விடுப்பில் வந்தபோது மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சக்களத்திக்கு மாசம் ஒரு நகை போடுகிறீர்களாக்கும் என்று கேட்டாள். அவர் சிரித்து மழுப்பினார். செய்வதற்கு இன்னும் ஒரு சாமான் பாக்கி இருந்தால்தான் வேலையிலிருந்து வீடு திரும்பக் கால் வந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் பார்த்துக்கொள்வது நடமாட முடியாத ஒரு கிழவியை. இரண்டிரண்டு வருஷமாக மூன்று ஒப்பந்தம். மூன்றாவது அடுத்த மாதம் முடிகிறது. சனிக்கிழமை போனில், அந்த வீட்டார் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்றாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றும் கேட்டாள். அவர் சொல்ல வாயெடுத்தார். பிழைப்புக்காகப் போனவளை நம் ஆசைக்கு இழுப்பதா என்று ஒரு தயக்கம் குறுக்கே விழுந்தது. “உன் இஷ்டம்மா,” என்றார். அவள் சரி என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை புது நட் செய்ய உட்கார்ந்தார். மெஷின் மேஜையில் நீளவாக்கில் பள்ளங்கள் உண்டு. பள்ளத்துக்கு மேல் நீட்டியிருக்கும் உதட்டுக்கு அடியில் நட்டை நுழைத்து, மேலிருந்து போல்ட்டை முடுக்கித்தான் எதையும் இறுக்க வேண்டும். அந்த நட்டின் துளைக்குள் சுருளாக ஓடும் மரையை அடிவரை வெட்டக்கூடாது. கடைசி இரண்டு சுற்றை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் போல்ட் நட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கிப் பள்ளத்தின் தரையில் ஊன்றி, ஜாக்கி மாதிரி உதட்டை மேலே நெம்பிவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் இதை. அன்றைக்கு அடிவரை வெட்டிவிட்டார். மாட்டினார், முடுக்கினார், இன்னும் கொஞ்சம் முடுக்கினார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விரல் நீளத்துக்கு உதடு பெயர்ந்து அவர் உள்ளங்கையில் கிடந்தது.

எண்ணெய்க் கையோடு போனை எடுத்தார். வேலை நேரத்தில் கூப்பிடுவதில்லை என்பது இருவருக்குள்ளும் ஏற்பாடு. சாவு, ஆஸ்பத்திரி என்றால் மட்டும்.

“யாருக்கு என்ன ஆச்சு?” என்றாள் எடுத்ததும்.

“யாருக்கும் ஒண்ணுமில்ல. மெஷின் மேஜை உடைஞ்சுபோச்சு.”

“உங்களுக்கு அடி கிடி பட்டுச்சா?”

“இல்ல.”

“அப்ப சக்களத்திக்குத்தான் எலும்பு முறிவு. இதுக்கா கூப்பிட்டீங்க? இந்தப் பாட்டியம்மாவைக் குளிக்க உக்கார வச்சிருக்கேன், தண்ணி ஆறுது.”

“நேத்து நீ கேட்டப்ப சரியா பதில் சொல்லல. அதே நினைப்புல இருந்து மரையைக் கோட்டை விட்டுட்டேன்.” மூச்சை இழுத்துக்கொண்டார். “போதும், வந்துடு.”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் அதை மூடினாள்.

“காலையிலதான் ஒப்பந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்,” என்றாள்.

அவள் கோபப்படாமல், கணக்காகச் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வாசலில் நின்று பார்ப்பாளாம், இப்போதாவது வாயைத் திறப்பாரா என்று. அவரோ பெட்டியின் பூட்டை இழுத்து இழுத்துச் சோதித்துக்கொண்டிருப்பாராம்.

“இப்ப என்ன பண்றது?” என்றார்.

“கேட்டுப் பாக்குறேன். தாளைத் திருப்பித் தருவாங்களோ என்னவோ. தரலேன்னா ரெண்டு வருஷம்தான்.” கொஞ்சம் நிறுத்தி, “ஏங்க, அதை இன்னொரு தடவ சொல்லுங்க,” என்றாள்.

சொன்னார்.

தூரத்தில் கிழவி அவளைக் கூப்பிடுவது கேட்டது. இதோ வரேன் என்று அவள் குரல் கொடுத்தாள். ஆனால் நகரவில்லை, போனையும் வைக்கவில்லை.