ஐந்தாவது இடத்தில் டைரோசின் இல்லை

ஐந்து வரை எண்ணுவதில் தப்புப் பண்ணினேன். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள் நான். அந்தத் தப்பினால் இன்னொருவருக்கு வேலை போனது.

எங்கள் ஆய்வகம் மதுரைக்கு வெளியே, சமயநல்லூர் தாண்டி இருக்கிறது. ஆட்டின் தைராய்டு சுரப்பியில் தைரோகுளோபுலின் என்று ஒரு பெரிய புரதம் உண்டு. தைராய்டு ஹார்மோன் அதில்தான் உருவாகிறது. அதன் மரபணுவைப் படித்து, புரதத்தின் எழுத்துகளாக மாற்றிக் கணினியில் கொடுத்தால், அது எப்படி மடிந்திருக்கும் என்று ஒரு படம் வரும். கணினி வேலை என்னுடையது. மற்றதெல்லாம் டெக்னீஷியன் அக்காவுடையது. கோரிப்பாளையத்தில் அவருடைய அண்ணன் கறிக்கடை வைத்திருக்கிறார். காலையில் அறுப்பு முடிந்ததும் அக்கா சுரப்பியைத் தன் கையால் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவருவார். அதை அரைத்து, பிரித்து, மரபணு வரிசை படிக்க அனுப்புகிற வரைக்கும் அவர்தான். என்னைப் பாப்பா என்பார். கையுறை போடாமல் எதையாவது தொட்டால் திட்டுவார்.

வரிசை வந்தது. ஹார்மோன் உண்டாகும் முக்கியமான இடம் ஐந்தாவது இடம், அங்கே டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் என்று பழைய கட்டுரைகளில் படித்திருந்தேன். எங்கள் வரிசையில் ஐந்தாவதாக லியூசின் என்ற வேறு அமிலம் இருந்தது. படத்திலும் முன்பகுதி எதிலும் சேராமல் நூல் மாதிரித் தொங்கியது. பேராசிரியரும் ஜூனியர்களும் இருக்கும்போதே கேட்டேன்.

“அக்கா, எதைக் கொண்டுவந்தீங்க?”

“தைராய்டுதான் பாப்பா. வேறெதைக் கொண்டாருவேன்?”

“வரிசை தப்பா இருக்கு.”

“எம்புட்டு? முழுக்கவா?”

“முன்பக்கம் மட்டும்.”

“சாம்பிள் கெட்டிருந்தா எல்லாமேல்ல கெட்டிருக்கணும். நீ இன்னொரு வாட்டி எண்ணிப் பாரேன்.”

என்னை எண்ணச் சொன்னது பொறுக்கவில்லை. “இது உங்க அண்ணன் கறிக்கடை இல்லக்கா, கைக்கு வந்ததை வெட்டிப் போட” என்றேன். ஒரு ஜூனியர் சிரித்தான். அக்கா கையுறையைக் கழற்றினார்.

“சரிங்க மேடம்.”

அன்றைக்கே பேராசிரியருக்குக் கொடுக்கிற அறிக்கையில் ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதினேன். அவர் ஒப்பந்தத்தில் இருந்தவர். அந்த மாதத்தோடு போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

சில நாள் கழித்து, ஏற்கெனவே வெளியாகியிருந்த மாட்டின் வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதிலும் ஐந்தாவது லியூசின்தான். இந்தப் புரதம் உருவாகும்போது முன்னால் பத்தொன்பது எழுத்து அதிகமாக இருக்கும். செல்லுக்குள் அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோவது அந்தத் துண்டு. போய்ச் சேர்ந்ததும் வெட்டுப்பட்டுவிடும். பழைய கட்டுரைகளை எழுதியவர்கள் வெட்டுப்பட்ட பிறகு எண்ணினார்கள். நான் மரபணுவிலிருந்து, வெட்டுப்படாததை எண்ணினேன். இருபத்து நாலாவது இடத்தைப் பார்த்தேன். டைரோசின் இருந்தது. படத்தில் தொங்கிய நூல் அந்த வெட்டுப்படும் துண்டு. முதலாண்டு மாணவர்களுக்கு நானே நடத்துகிற பாடம் இது.

அன்று அக்கா அடுத்த அறையில்தான் குழாய் கழுவிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போகவில்லை. படத்தை மட்டும் திருத்திக் கொடுத்தேன். “சாம்பிள் மறுபடி எடுத்தியாம்மா?” என்று பேராசிரியர் கேட்டார். ஆமா சார் என்று பொய் சொன்னேன். கடைசி நாளில் அக்கா ஃப்ரீசர் சாவியைக் கொடுத்து, எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்போதும் தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் கோரிப்பாளையம் போனேன். அண்ணன் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

“தப்பு என்னோடதுதான்க்கா. நான்தான் எண்ணினதுல பிசகிட்டேன்.”

“எம்புட்டு?”

“பத்தொம்பது.”

“அம்புட்டுத்தானா. சாருக்குத் தெரியுமா?”

“இல்லக்கா.”

“அப்ப அந்த அறிக்கையில என் பேரு அப்படியேதான் இருக்கு.”

“ஆமா.”

“ரெண்டு லேப்ல வேலை கேட்டேன். அங்க போன் போட்டு விசாரிச்சுட்டு, சொல்லி அனுப்புறோம்னாங்க. நீங்க இங்க வந்து என்கிட்ட அழுது என்ன மேடம் ஆகப்போகுது?” குரலைத் தாழ்த்தினார். “நீங்க கடையைப் பத்திச் சொன்னதை அண்ணன்கிட்ட நான் சொல்லல. உங்க லேப் பிள்ளைக வந்தா அண்ணன் இன்னமும் மொத ஆட்டுச் சுரப்பியை எடுத்து வச்சுக் கொடுக்குது. கிளம்புங்க.”

அவர் அண்ணன் உள்ளேயிருந்து, “டீ சொல்லட்டுமாம்மா?” என்றார். அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் இறங்கி நடந்தேன்.

மறுநாள் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “முடிஞ்சு போனதும்மா. இப்ப எதுக்கு?” என்றார். எழுதிக் கொண்டுபோன திருத்தத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். பொய் சொன்னதற்குத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். பிறகு கையெழுத்துப் போட்டார். பிழை என்னுடையது, ஊழியருடையது அல்ல என்று என் பெயர் போட்டு அதில் இருக்கிறது. அக்காவின் இடத்தில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று. அதை மாற்ற முடியாது என்றார்.

தாளைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டு நாலு வரியும் எழுதினேன். சாயங்காலம் ஒரு செய்தி வந்தது.

“போட்டோ செல்லாது. ஆபீஸ் சீல் வச்சு ஒரிஜினல் வேணும். வியாழக்கிழமை இன்டர்வியூ.”

இன்று செவ்வாய். சீல் வைக்கிற கிளார்க் லீவு. நாளைக் காலை அலுவலகம் திறக்கும்போது வாசலில் நிற்கப்போகிறேன்.