கொள்ளிடத்துக் கப்பற்படை

ஏலாக்குறிச்சி பஸ் நின்றதும் டீயை ஒரு முழம் கூடுதலாகவே தூக்கி ஆற்றுவாள் சிந்தாமணி. “கொள்ளிடத்துல எனக்கு ஒரு கப்பல் படையே இருக்கு, தெரியுமில்ல?” கோயிலுக்கு வந்தவர்கள் டம்ளரும் கையுமாக வாய் பிளப்பார்கள். நுரை அடங்குவதற்குள் அவளே இறங்கி வருவாள். “கொஞ்சம் கூட்டித்தான் சொல்றேன். ஒரு படகு, ஒரு டார்ச் லைட்டு, எங்க இளவரசன். அம்புட்டுதான்.”

ஐம்பதைத் தாண்டிய உடம்பு. காதில் எப்போதும் ஒரு பேனா; அவள் எழுதி யாரும் பார்த்ததில்லை. சர்க்கரை கம்மியாகக் கேட்பவர்களை அவள் நம்புவதில்லை. “இவரு மனசுல என்னமோ வச்சிருக்காரு” என்று பக்கத்து ஆளிடம் சொல்லிவிடுவாள், அவர் காதுபடவே.

ஆற்றுக்கு நடுவிலுள்ள திட்டில் அவளுக்கு ஒரு கத்தரிக் கொல்லை; இன்னும் சிலருக்கும் அங்கே கொல்லை உண்டு. போன வருஷம் யாரோ படகில் வந்து திட்டிலிருந்த மோட்டார் ஒயர்களை அறுத்துப் போனார்கள். தண்ணீரில்லாமல் கத்தரி சுருண்டு கருகியது. அதன்பிறகு இளவரசன் படகில் சுற்றிக் காவல் காத்தான், ஒயர் தப்பியது. ஆனால் அவனுக்குச் சம்பளம் யார் தருவது?

“கொல்லை உங்களுது, காவலும் உங்களுதுதான்” என்றது ஊர்.

“அப்ப திட்டு ஊரு எல்லையில இல்லியா? எங்கள அக்கரைத் தஞ்சாவூருக்கு எழுதிக் குடுத்துட்டீங்களா?” என்றார்கள் திட்டுக்காரர்கள்.

முடிவாகாவிட்டால் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிடுவேன் என்று இளவரசன் சொல்லிவிட்டான். அவன் போனால் கொல்லையும் போச்சு.

சிந்தாமணியின் கடைக்கு எதிரே கூட்டம் போட்டார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம். பேச்சுக்கு வந்தவர்களுக்கு எவர் டீ வாங்கித் தருகிறாரோ, பேசிய காரியத்தின் செலவு அவர் தலையில். ஆகவே காலையிலிருந்து ஒருத்தரும் டீ சொல்லவில்லை. கூட்டத்தை நடத்திய சாமிதுரைப் பெரியவருக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு தரப்பும் அவள் பாய்லரைப் பார்த்தன. பிறகு வானத்தைப் பார்த்தன.

“நான் என்ன பண்ணுனேன்?” டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் இந்த இடத்தைச் சொல்லுவாள் சிந்தாமணி. “எல்லாத்துக்கும் என் செலவுல டீயக் குடுத்தேன். குடிச்சு முடிச்சதும், செலவு என்னுதுன்னா இனிமே படகும் என்னுது, திட்டும் என்னுது, எவனும் கால் வைக்கக் கூடாதுன்னேன். அரண்டு போயி சம்பளத்துல ஆளுக்குப் பாதின்னுட்டாங்க.”

ஒருநாள் அவள் இதைச் சொல்லும்போது, பெஞ்சில் குந்தியிருந்த இளவரசன் தலையைச் சொறிந்தான்.

“அத்தே, அந்த டீய வாங்கிக் குடுத்தது நானு. என் சம்பளத்த நானே குடுத்துக்கணுமான்னு கேட்டேன், எல்லாரும் சிரிச்சுப்புட்டாங்க. அப்புறந்தான் ஆளுக்குப் பாதின்னாங்க. நீங்க எங்கிட்ட டீக்குக் காசு எண்ணி வாங்கி...”

சிந்தாமணி தட்டிலிருந்து ஒரு முழு வடையை எடுத்து அவன் வாயில் திணித்தாள்.