உம்மாவை ஏற்றிச் சென்ற மோட்டார் சைக்கிளும் எங்கள் வாப்பாவும்

அல்லாஹ்வின் நாட்டப்படி எங்கள் அன்பு வாப்பா அவர்கள் எம்மை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவர்களுக்காகக் குர்ஆன் கத்தம் ஓதும் இந்நாளில், உறவினர்களினதும் அயலவர்களினதும் கைகளில் சேரும் இந்நினைவு மலருக்கு எழுதும்படி தம்பிமார் இருவரும் என்னைக் கேட்டனர். மூத்த மகள் என்பதால் எனக்குத்தான் அதிகம் நினைவிருக்கும் என்றார்கள். நினைவிருக்கிறது. அதில் பாதி, வாப்பா பயந்துகொண்டிருந்த நாட்கள்தான்.

வாப்பா சாய்ந்தமருதில் கடற்கரையோரத்து வளவொன்றில் பிறந்தார். ஒன்பது வயதில், மீன்பிடிக்கப் போன தம் தந்தையைக் கடலில் இழந்தார். அன்று பகல் முழுவதும் கரையில் நின்று பார்த்திருந்ததாக ஒருமுறை மட்டும் எங்களிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து, வெளியே போனவர் வீடு திரும்பும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. வளர்ந்து, கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கராகி, மருத்துவிச்சியாக இருந்த எங்கள் உம்மாவை மணந்தார். வெளியே போவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அவருக்கு மனைவியாக வாய்த்தார்.

உம்மாவுக்குச் சம்மாந்துறைக்கு அப்பால், வயல்களுக்கு நடுவிலிருந்த குடியிருப்புகள் வேலைப் பகுதியாக ஒதுக்கப்பட்டிருந்தன. எழுபதுகளின் பிற்பகுதியில் வாப்பா ஒரு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வேலைக்கு முன்னும் பின்னும், அவசரமென்றால் லீவு போட்டும் உம்மாவை அவரே ஏற்றிச் சென்றார். மாரியில் வயற்பாதைச் சேறு, கச்சான் காற்றுக் காலத்தில் புழுதி, ஊருக்குள் எந்நேரமும் உப்புக் காற்று. ஆண்டில் ஒரு நாளும் அந்த வண்டிக்கு ஓய்வில்லை. எங்கே துருப்பிடித்துவிடுமோ என்று செயின் முழுவதும் கிறீஸை அப்பி வைத்தார். கிறீஸ் கூடக்கூட நல்லது என்றே நம்பியிருந்தார்.

அந்த நம்பிக்கை ஒரு மாரிகாலப் பிற்பகலில் முறிந்தது. தூரத்து வயல்வாடிக் குடிசையொன்றில் முதற்பிரசவம். இடுப்புவலி கண்டு ஒரு நாள் கடந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னார். வாப்பாவும் உம்மாவும் உடனே புறப்பட்டார்கள். வாய்க்கால் கரைக்கட்டு வழியே போகும்போது செயின் பல்லுச் சில்லிலிருந்து துள்ளி அறுந்தது. அந்த வீட்டுக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது. உம்மா பையைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தார். வாப்பா வண்டியை அங்கேயே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார்.

தாய் பிழைத்தாள். பிள்ளை மூச்சில்லாமலே பிறந்தது.

வாப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மூன்றாம் நாள் அறுந்த செயினைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, சம்மாந்துறையில் உழவு இயந்திரம் திருத்தும் பாஸ் ஒருவரிடம் போனார். பாஸ் அதை விரலால் வழித்துப் பார்த்திருக்கிறார்.

“கிளாக்கர், கிறீஸ் பூசினா மண்ணெல்லாம் அதுல ஒட்டும். ஒட்டின மண்ணுதான் செயினத் திண்டிருக்கு.”

“அப்ப நான் பூசினதாலதான் அறுந்ததா?”

“பூசாட்டியும் துருப் புடிச்சி, கறள் திண்டிருக்கும். ஒயில் போடோணும். மெல்லிசா, அடிக்கடி. உள்ளுக்குப் போறதுதான் வேலை செய்யும், மேல நிக்கிறதத் துடைச்சிருங்க.”

பாஸ் ஆறுதலாகத்தான் சொன்னார். வாப்பாவோ அதைத் தீர்ப்பாகக் கேட்டுக்கொண்டு வந்தார். உம்மா எத்தனையோ முறை சொன்னார்: “நாம வெளிக்கிடக்குள்ளயே அந்தப் புள்ள மவுத்தாப் போயிட்டு. நான் கைவச்சுப் பாத்தவள். எனக்குத் தெரியாதா?” வாப்பா தலையை ஆட்டுவார். ஒப்புக்கொண்ட ஆட்டல் அல்ல அது.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக் காலைகள் மாறின. சுபஹு தொழுததும் வாப்பா வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, பின்சில்லைக் கையால் மெல்லச் சுற்றுவார். மண்ணெண்ணெய் தோய்த்த பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு கண்ணியையும் தேய்ப்பார். துணியால் ஈரம் ஒற்றுவார். செயினின் உட்பக்கத்தில் கியர் ஒயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சில்லைச் சுற்றி ஊறவைத்து, மிச்சத்தைத் துடைப்பார். பின் நடுவில் பிடித்து மேலும் கீழும் அசைத்து, தொய்வு ஒரு பெருவிரல் அகலத்துக்கு மேல் போகாமல் பார்ப்பார். மழையில் போய்வந்தால் மாலையிலும் இதே வேலை. சகதியையும் உப்பையும் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, காயவைத்து, வண்டியை வீட்டு மண்டபத்துக்குள் ஏற்றிவிடுவார். கடற்காற்று படக்கூடாதாம். பெருநாளைக்கு வந்த விருந்தாளிகள்கூட அதைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள்.

இத்தனை செய்தும் பயம் போகவில்லை. ஓடும் வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலும் நிறுத்திவிடுவார். எங்களை ஏற்றிப் போகையில் அதற்காக நாங்கள் சிரித்ததுண்டு. இப்போது அதை எழுதவே மனம் கூசுகிறது.

எண்பதுகளின் நடுவில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் காலம் கெட்டது. ஊருக்கும் ஊருக்கும் இடையில் பாதைகள் வெறிச்சோடின. அப்படியொரு நாள், கடைகள் எல்லாம் பூட்டியிருந்த காலையில், எங்கள் படலையில் ஒருவர் சைக்கிளோடு வந்து நின்றார். வயலுக்கு அப்பாலிருந்த தமிழ்க் குடியிருப்பிலிருந்து வந்தவர். முகம் வெளிறியிருந்தது.

“அம்மா, மனுசி வலி கண்டு ஏலாமக் கிடக்கு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போக வாகனம் ஒண்டும் வருதில்ல.”

உம்மா பையை எடுக்க உள்ளே போனார். வாப்பா வண்டியை வெளியே இறக்கினார். குந்தியிருந்து செயினைப் பார்த்தார். எழும்பினார். மறுபடியும் குந்தினார். ஒயில் குப்பி கைதவறி நிலத்தில் விழுந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பாதையில் வண்டி நின்றால் அது வெறும் தாமதமல்ல என்பது எனக்கும் தெரிந்திருந்தது.

“நீங்க வாறீங்களா, இல்லாட்டி நான் நடக்கட்டா?” என்றார் உம்மா.

“வாறன் புள்ள, வாறன். ஏறு.”

நான் கதவைச் சாத்தவில்லை. தம்பிமார் இருவரையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு பாதையையே பார்த்திருந்தேன். லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள், வரவில்லை. அசருக்கும் சொன்னார்கள். கடைசித் தம்பி “வாப்பா வருவாரா?” என்று கேட்டான்.

மஃரிபுக்குச் சற்று முன்னர் வண்டியின் சத்தம் கேட்டது. ஆண் குழந்தை, தாயும் சுகம் என்று உம்மா சொன்னார். வெறும் பாதையின் நடுவில் வாப்பா இரண்டு முறை இறங்கிச் செயினைப் பார்த்தார் என்றும், இரண்டு முறையும் அதில் ஒரு குறையும் இருக்கவில்லை என்றும், திரும்பும்போது அந்த மனிதர் தம் சைக்கிளில் தங்கள் ஊர் எல்லைவரை முன்னால் வந்து வழியனுப்பினார் என்றும் பிறகு சொன்னார். வாப்பா கிணற்றடியில் நின்று நெடுநேரம் முகம் கழுவினார்.

சென்ற ஆண்டு நெஞ்சு நோவென்று வாப்பாவை ஆஸ்பத்திரியில் அனுமதித்தோம். நான்கு நாட்கள் இருந்தார். உம்மாவை இனி யார் கூட்டிப் போவது என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். “நான் போறன் வாப்பா” என்று பெரிய தம்பி சொன்னான். வாப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாம் நாள் காலையில் வபாத்தானார்.

இரவு பகல் பாராது துணைநின்ற மருத்துவர்கள், தாதியர், ஜனாஸாவைச் சுமந்தவர்கள், உம்மா இத்தாவில் வெளியே போகாமல் இருந்த மாதங்களில் அவரது பகுதிகளையும் சேர்த்துப் பார்த்த சக மருத்துவிச்சி, வயல்வழியே நடந்துவந்து எங்களோடு இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. வாப்பாவின் சொல்லாலோ செயலாலோ எவர் மனமாவது நொந்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் மண்ணறையான கப்று வெளிச்சம் பெறத் துஆச் செய்யுங்கள்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தொடக்கத்தில் “எங்கள் வாப்பா எதற்கும் அஞ்சாத தைரியசாலி” என்று எழுதியிருந்தேன். உம்மா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“பொய் எழுதாத மகள். அவருக்குச் சரியான பயம். ஒவ்வொரு நாளும் பயம்தான். ஒரு நாளாவது வரமாட்டன் எண்டு சொன்னதில்ல. அத எழுது.”

அந்த வரியை வெட்டிவிட்டேன்.

– மூத்த மகள்